சாப்ட்டீங்களான்னு முதல்ல கேளுங்க

வாசகர் கேள்வி – பதில்

போன மாசம் ஒரு வாசகி, ரோட்டோரம் படுத்திருக்கறவங்களுக்கு நம்மளால தனிப்பட்ட முறையில என்ன செய்ய முடியும்னு கேட்டிருந்தாங்க, நானும் நாலு வரியில பதில் சொல்லி முடிச்சிட்டேன். அதுக்கப்புறம் வந்த லெட்டரு, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாம் பாத்தா நாலு வரி எந்த மூலைக்கும் பத்தலன்னு தெரிஞ்சுது. அதனால இந்த தடவை வேற கேள்வி எல்லாம் ஒதுக்கி வச்சிட்டு இது ஒண்ணுதான். எனக்கு நல்லா தெரிஞ்ச இடம் சென்னையில சென்ட்ரல், வால்டாக்ஸ் ரோடு, பாரிஸ் பக்கம். பத்து வருஷத்துக்கு மேல வியாழக்கிழமை ராத்திரி நாங்க நாலு பேர் அங்க போய்ட்டு வரோம், அங்க பாத்ததையும் அவங்க சொல்லி கத்துக்கிட்டதையும் வச்சுதான் எழுதறேன், உங்க ஊர்ல கொஞ்சம் மாறலாம்.

கேள்வி: அக்கா, எங்க அப்பா இறந்து அடுத்த மாசம் ஒரு வருஷம் ஆகுது. அவருக்கு பிரியாணின்னா உயிர். அவர் நினைவு நாள்ல ரோட்டுல இருக்கற 100 பேருக்கு பிரியாணி பொட்டலம் குடுக்கணும்னு ஆசை. எந்த ஏரியா போனா நல்லது?
– ஒரு மகன், தாம்பரம்

பதில்: தம்பி, அப்பா நினைப்புல நாலு பேர் வயிறு நிறையணும்னு நினைக்கறீங்களே, அதுவே பெரிய மனசு. நான் சொல்றத தப்பா எடுத்துக்காம கேளுங்க.

ஒரு புது வருஷ ராத்திரி வால்டாக்ஸ் ரோட்டுல ஒரு வயசான அம்மாவ பாத்தேன். பக்கத்துல ஏழு பொட்டலம், ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மேல ஒரு பழைய துண்ட போட்டு மூடி வச்சிருந்தாங்க. எட்டாவதா நாங்க நீட்டினதையும் வாங்கிக்கிட்டாங்க. ஏன் பாட்டி இவ்ளோன்னு கேட்டதுக்கு, "இன்னிக்கு எல்லாரும் வராங்க கண்ணு, நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க, அதான் சேத்து வச்சிருக்கேன்"னாங்க. மறுநாள் காலையில அந்த ஏழும் கெட்டுப்போயிருக்கும், அது அவங்களுக்கும் தெரியும், ஆனாலும் பசிக்கு பயந்து வாங்கி வைக்கறாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து எனக்கு தூக்கமே வரல. புது வருஷம், பொங்கல், ரம்ஜான், கிறிஸ்மஸ், பெரிய தலைவருங்க பிறந்தநாள், இந்த நாள்ல எல்லாம் கோயில் வாசல், ஸ்டேஷன் வாசல்ல பொட்டலம் மலையா குவியும். சாதா செவ்வாக்கிழமை சாயங்காலம் போய் பாருங்க, ஈ காக்கா இருக்காது.

இப்ப ஒரு கணக்கு சொல்றேன். 2013ல ஆரம்பிச்ச அம்மா உணவகத்துல இட்லி 1 ரூபா, சாம்பார் சாதம் 5 ரூபா, தயிர் சாதம் 3 ரூபா, ராத்திரி ரெண்டு சப்பாத்தி பருப்போட 3 ரூபான்னு விலை வச்சாங்க. காலையில நாலு இட்லி, மத்தியானம் ஒரு சாம்பார் சாதம் ஒரு தயிர் சாதம், ராத்திரி ரெண்டு சப்பாத்தி, மொத்தம் 15 ரூபா. ஒரு ஆளோட ஒரு நாள் சாப்பாடு. பிரியாணி பொட்டலம் ஒண்ணு 120 ரூபான்னு வச்சுக்கிட்டா 100 பொட்டலத்துக்கு 12,000 ஆகுது. அதே 12,000ல ரெண்டு பேருக்கு 400 நாள் மூணு வேளையும் சாப்பாடு ஓடும். அதுக்காக பிரியாணியே வேண்டாம்னு நான் சொல்லல, அப்பாவுக்கு பிடிச்சத குடுக்கறதுல இருக்கற நிறைவு உங்களுக்கும் வேணும். 20 பேருக்கு பிரியாணி குடுங்க, மிச்ச காசுல உங்க வீட்டு பக்கத்துல, நீங்க தினம் ஆபீஸ் போற வழியில இருக்கற ஒருத்தர் ரெண்டு பேரோட சாப்பாட்ட வருஷம் பூரா ஏத்துக்கங்க. கூடவே நடந்து போய் டோக்கன் வாங்கி குடுங்க, அங்க நின்னுக்கிட்டே சாப்பிடற மேசைதான் இருக்கும், நீங்களும் பக்கத்துல நின்னு ரெண்டு இட்லி சாப்பிடுங்க. நடக்க முடியாதவங்கன்னா பக்கத்துல ஒரு சின்ன மெஸ்ல மாச கணக்கு சொல்லி வச்சிட்டா அவங்களே கொண்டுபோய் குடுத்துடுவாங்க, நான் கேட்ட மெஸ்காரங்க யாரும் இதுக்கு மாட்டேன்னு சொன்னதில்ல, ஒருத்தர் சாப்பாட்டோட ஒரு முட்டையும் வச்சு அனுப்பறாரு.

வடலூர்ல வள்ளலார் 1867ல தருமசாலை ஆரம்பிச்சப்ப பத்த வச்ச அடுப்பு இன்னிக்கு வரைக்கும் அணையாம எரியுதில்ல, எனக்கு அதுல பெருசா தெரியறது எத்தனை பேர் சாப்ட்டாங்கங்கறத விட, நாளைக்கும் அங்க சோறு இருக்கும்னு போறவனுக்கு தெரியும் பாருங்க, அதுதான். பாட்டிக்கு அந்த நம்பிக்கை இருந்திருந்தா ஏழு பொட்டலம் சேத்திருக்க மாட்டாங்க.

கேள்வி: பிச்சை கேக்கறவங்களுக்கு காசு குடுக்கலாமா? குடுத்தா குடிச்சிடுவாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. குடுக்காம வந்தா மனசு உறுத்துது.
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: உறுத்துதுன்னா மனசு நல்லா இருக்குன்னு அர்த்தம்மா.

சில பேர் குடிப்பாங்க, உண்மைதான். கொசுக்கடியில, ஏசி பஸ் எல்லாம் புகைய மூஞ்சில விட்டுட்டு போற இடத்துல, எப்ப யார் வந்து எழுப்பி விரட்டுவாங்கன்னு தெரியாம தூங்கறதுக்கு குடிக்கறேன்னு ஒரு அண்ணன் எங்கிட்ட சொன்னாரு. அத சரின்னு நான் சொல்லல. ஆனா எல்லாரையும் அந்த ஒரு கணக்குல சேக்கறதும் சரியில்ல. ரோட்டுல இருக்கறவங்கள்ல நிறைய பேர் வேலை பாக்கறவங்க, மூட்டை தூக்கறது, மீன்பாடி வண்டி ஓட்டறது, பழைய பேப்பர் பாட்டில் பொறுக்கறது, முகூர்த்த நாள்ல கேட்டரிங்ல பந்தி பரிமாற போறது. உங்க சொந்தக்காரங்க கல்யாணத்துல இலையில பாயசம் ஊத்தினவர் அன்னிக்கு ராத்திரி மண்டபத்துக்கு எதிர்ல பிளாட்பாரத்துல படுத்திருக்கலாம். அவங்களுக்கும் மாத்திரை வாங்க, கட்டண கழிப்பறைக்கு, ஊருக்கு பஸ் டிக்கெட்டுக்கு காசு வேணும், அதெல்லாம் சோத்து பொட்டலத்துல வராது.

நான் செய்யறது இதுதான். பெரியவங்கன்னா, எனக்கு முகம் பழகினவங்கன்னா, கேட்டா குடுத்துடுவேன், என்ன பண்ணீங்கன்னு திருப்பி கேக்க மாட்டேன். தெரியாதவங்கன்னா நின்னு, சாப்ட்டீங்களான்னு கேப்பேன், இல்லன்னா பக்கத்துல கூட்டிட்டு போய் அவங்களுக்கு பிடிச்சத அவங்களே சொல்லி வாங்கிக்கட்டும். குழந்தைங்க கையேந்தினா மட்டும் காசு குடுக்காதீங்க, அந்த காசு வர்ற வரைக்கும் அந்த புள்ள ஸ்கூலுக்கு போகாது. 1098க்கு போன் பண்ணுங்க, குழந்தைகளுக்கான உதவி எண் அது, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க. எதுவும் குடுக்க முடியாத நாள்ல "இன்னிக்கு இல்லங்க ஐயா"ன்னு முகத்த பாத்து சொல்லிட்டு போங்க. பாக்காத மாதிரி போறதுதான் அவங்கள ரொம்ப குத்துதுன்னு நிறைய பேர் சொல்லி கேட்டிருக்கேன்.

கேள்வி: நான் கல்யாண சமையல் மாஸ்டர். ஒவ்வொரு முகூர்த்தத்துலயும் அண்டா அண்டாவா மிஞ்சுது, கொட்டறப்ப வயிறு எரியுது. இத எப்படி பத்திரமா கொண்டு போய் சேக்கறது?
– கும்பகோணம்

பதில்: மாஸ்டர், நீங்க இத கேட்டதே எனக்கு சந்தோஷம், ஏன்னா இதுல பாதி உங்க கையிலதான் இருக்கு.

மிஞ்சினதுன்னா பந்தி எல்லாம் முடிஞ்சு மூணு மணி நேரம் கழிச்சு மூடி போட்டு குடுக்கறது இல்ல. கடைசி பந்திக்கு முன்னாடியே உங்களுக்கு கை கணக்கு தெரிஞ்சிடும், அப்பவே பரிமாறாத அண்டாவ தனியா சூடா எடுத்து வைங்க. சமைச்ச சாதம் வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெதுவெதுன்னு இருந்தா அதுல வளர்ற கிருமி திருப்பி சூடு பண்ணாலும் அதோட விஷம் போகாது, வாந்தி பேதி ஆயிடும், ரோட்டுல இருக்கறவருக்கு பேதி வந்தா ஓடறதுக்கு கழிப்பறை கூட கிடையாது, அத நினைச்சு பாருங்க. தேங்கா சாதம், தேங்கா அரைச்சு விட்ட கூட்டு, கொழம்பு, பொரியல், பால் பாயசம் இதெல்லாம் வெளியில அனுப்பாதீங்க. புளியோதரை தாங்கும், எலுமிச்சை சாதம் ஓரளவு தாங்கும், சப்பாத்தி, வடை, லட்டு, மைசூர்பா பரவாயில்ல. தயிர் சாதம்னா பாலும் தயிரும் கலந்து பிசைஞ்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள கை மாறிடணும். வாழை இலையில கட்டுங்க, அச்சடிச்ச பேப்பர்ல சாப்பாடு மடிக்காதீங்கன்னு உணவு பாதுகாப்பு ஆணையமே 2016ல சொல்லியிருக்கு, அந்த மை சோத்துல இறங்குது.

கோயம்புத்தூர்ல 2014ல ஆரம்பிச்ச நோ ஃபுட் வேஸ்ட், அதே வருஷம் டெல்லியில ஆரம்பிச்சு இப்ப பல ஊர்ல இருக்கற ராபின் ஹுட் ஆர்மி மாதிரி ஆளுங்க மண்டபத்துக்கே வந்து எடுத்துட்டு போவாங்க. உங்க ஊர்ல யார் இருக்காங்கன்னு கல்யாணத்துக்கு முன்னாடி நாளே பேசி வைங்க, ராத்திரி பத்து மணிக்கு அண்டாவ வச்சிக்கிட்டு தேடாதீங்க. மண்டபத்துக்காரங்க கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வச்சா போதும்.

வீட்ல மிஞ்சறதுக்கும் இதே கேள்விய நாலு பேர் கேட்டிருக்கீங்க. சென்னை பெசன்ட் நகர்ல டாக்டர் ஈசா பாத்திமா ஜாஸ்மின் 2017ல "ஐயமிட்டு உண்"ன்னு பேர் வச்சு ரோட்டோரமா ஒரு ஃப்ரிட்ஜ் வச்சாங்க, யார் வேணா வைக்கலாம், யார் வேணா எடுக்கலாம், எடுக்கறவங்க யார்கிட்டயும் கை நீட்ட வேண்டாம். எனக்கு அந்த கடைசி விஷயம்தான் ரொம்ப பிடிச்சுது. அது மாதிரி வைக்கறதா இருந்தா தினம் ஒரு ஆள் தொறந்து பாத்து பழசு எடுத்து சுத்தம் பண்ணணும், அந்த ஆள் யாருன்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் ஃப்ரிட்ஜ் வாங்குங்க.

கேள்வி: எங்க பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் ரெண்டு மாசமா இருக்காரு. ஜடை புடிச்ச முடி, கிழிஞ்ச சட்டை, தனக்குத்தானே பேசிக்கறாரு, குப்பையில இருந்து எடுத்து சாப்பிடறாரு. கிட்ட போக பயமா இருக்கு. போகாம இருக்கவும் முடியல. எங்க சொல்றது?
– சேலம்

பதில்: இந்த லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். அந்த பஸ் ஸ்டாண்டுல தினம் எத்தனை ஆயிரம் பேர் அவர தாண்டி போறாங்க, நீங்க ஒருத்தர் நின்னு எழுதியிருக்கீங்க.

பயம் பத்தி முதல்ல. இப்படி இருக்கறவங்க நம்மள அடிக்கறத விட நம்மகிட்ட அடி வாங்கறதுதான் ஜாஸ்தி. திடீர்னு பக்கத்துல போய் தொடாதீங்க, பின்னாடி இருந்து போகாதீங்க, ரெண்டு மூணு அடி தள்ளி அவர் கண்ணுக்கு தெரியற மாதிரி உக்காந்து தண்ணி பாட்டிலும் ரெண்டு இட்லியும் வச்சிட்டு வாங்க. மறுநாள் அதே நேரம், அதே சட்டை போட்டாலும் நல்லதுதான், உங்கள அடையாளம் தெரியும். நாலஞ்சு நாள்ல அவரே பாப்பாரு.

ஒரு முக்கியமான விஷயம், ரொம்ப நாளா சரியா சாப்பிடாம எலும்பும் தோலுமா இருக்கறவருக்கு பாசத்துல ஒரே வேளையில வயிறு முட்ட குடுக்காதீங்க. காஞ்ச உடம்புல திடீர்னு நிறைய மாவுச்சத்தும் இனிப்பும் இறங்கினா ரத்தத்துல இருக்கற உப்பு சத்தெல்லாம் சட்டுனு குறைஞ்சு இதயமே பாதிக்கலாம். கொஞ்சம் கஞ்சி, ரெண்டு இட்லி, கொஞ்சம் நேரம் விட்டு மறுபடி கொஞ்சம். எழுந்து நிக்க முடியாத அளவுக்கு இருந்தாரு, புண்ணுல புழு இருந்துச்சுன்னா சாப்பாட்ட பத்தி யோசிக்காதீங்க, 108.

இப்ப யார்கிட்ட சொல்றதுங்கறதுக்கு வரேன். 2017 மனநல பாதுகாப்பு சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல 100வது பிரிவு. மனநோயோட தன்ன பாத்துக்க முடியாம அலையறவர் யாராவது ஒரு ஸ்டேஷன் எல்லைக்குள்ள இருந்தா அவர பாதுகாப்பா கூட்டிட்டு போக வேண்டியது அந்த போலீஸ் ஸ்டேஷனோட கடமைன்னு அந்த பிரிவு சொல்லுது. 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து அரசு மருத்துவமனைக்கு கொண்டு போகணும், லாக்கப்புல வைக்கக்கூடாது, வீடு இல்லாதவர்னா காணாம போனவர்னு எஃப்.ஐ.ஆர் போட்டு குடும்பத்த தேடணும். இத ஒரு பேப்பர்ல எழுதி, அவர் இருக்கற இடம், எத்தனை நாளா இருக்காரு, இதெல்லாம் போட்டு ஸ்டேஷன்ல குடுத்து ரசீது வாங்குங்க. வாயால சொன்னா காத்துல போயிடும், எழுதி குடுத்தா பதில் சொல்லியாகணும். கூட இன்னொருத்தர கூட்டிட்டு போங்க.

சென்னையில கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794ல இருந்து இருக்கு, ரோட்டுல அலையற மனநோயாளி பெண்களுக்காக 1993ல வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தி பேன்யன் அமைப்ப ஆரம்பிச்சாங்க. அங்க சிகிச்சை எடுத்து பேர் ஞாபகம் வந்து, ஊர் ஞாபகம் வந்து, பல வருஷம் கழிச்சு வேற மாநிலத்துல இருக்கற சொந்த வீட்டுக்கு திரும்பி போன பெண்கள் நிறைய பேர். குணமாகுமான்னு கேக்காதீங்க, மாத்திரையும் தூக்கமும் சாப்பாடும் கிடைச்சா நிறைய பேருக்கு ஆகுது.

ஆனா ஒண்ணு, அவசரப்பட்டு ஏதோ ஒரு ஹோம்ல சேத்துட்டு கை கழுவாதீங்க. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில ஒரு தனியார் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் இறந்தாங்க, சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியல. மாநில மனநல ஆணையத்துல பதிவு இருக்கான்னு கேளுங்க, உள்ள போய் பாருங்க, சேத்த ரெண்டு வாரத்துல திருப்பி போய் அவர பாருங்க. உள்ள விட மாட்டேன்னா அந்த இடம் சரியில்லன்னு அர்த்தம்.

கேள்வி: அரசாங்கம் காப்பகம் கட்டி வச்சிருக்கு. ஆனா இவங்க போக மாட்டேங்கறாங்க. பழகிப்போச்சு, உழைக்க சோம்பல். இவங்களுக்கு எதுக்கு நாம பரிதாபப்படணும்?
– ஓய்வுபெற்ற அதிகாரி, சென்னை

பதில்: ஐயா, உங்க கேள்விய கோவத்தோட எழுதியிருந்தாலும் நிறைய பேர் மனசுல இருக்கறது இதுதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன்.

2010ல உச்ச நீதிமன்றம், பெரிய நகரங்கள்ல 1 லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் 365 நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு சொல்லிச்சு. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களோட சேந்து ஆண்களுக்கு, பெண்களுக்கு, ஆஸ்பத்திரிக்கு கூட வந்தவங்களுக்குன்னு தனித்தனியா நடத்துது. அதுல நல்லா நடக்கற இடங்கள நானே பாத்திருக்கேன், பாயும் தலகாணியும் சுத்தமா, சாயங்காலம் டீ, டாக்டர் வந்து போறாரு.

அப்புறம் ஏன் போகலன்னா, புருஷன் ஒரு காப்பகம் பொண்டாட்டி இன்னொரு காப்பகம்னா எந்த குடும்பம் போகும்? வால்டாக்ஸ் ரோடு, பாரிஸ் பக்கம் தாத்தா காலத்துல இருந்து மூணு தலைமுறையா பிளாட்பாரத்துலயே குடும்பம் நடத்தறவங்க இருக்காங்க, அங்கதான் கல்யாணம், அங்கதான் பிரசவம், புள்ளைங்க பக்கத்து ஸ்கூல்ல படிக்குது. விடியக்காலை மூணு மணிக்கு மார்க்கெட்ல மூட்டை இறக்கினாதான் கூலி, நாலு கிலோமீட்டர் தள்ளி படுத்தா அந்த நேரத்துக்கு எப்படி வர்றது? ராத்திரி முழிச்சு பூ கட்டி காலையில விக்கற அம்மா ஒருத்தங்கள எனக்கு தெரியும், அவங்கள போய் சோம்பல்னு சொல்ல எனக்கு வாய் வராது ஐயா.

பயமும் இருக்கு. இதுல என் தப்பு ஒண்ண சொல்லணும். ஒரு மழைக்காலத்துல, நனைஞ்சுக்கிட்டு இருக்காங்களேன்னு நானே ஒரு அலுவலகத்துக்கு போன் பண்ணேன். வேன் வந்துச்சு. யாரையும் எதுவும் கேக்காம அள்ளி ஏத்தினாங்க, மூட்டை முடிச்ச எல்லாம் குப்பை லாரியில போட்டாங்க. ஒரு பெரியவர் "என் பையில என் பொண்ணு போட்டோ இருக்கு சார்"னு கத்தினது இன்னும் காதுல இருக்கு. நாலாவது நாள் பாதி பேர் திரும்பி வந்துட்டாங்க, பை வரல. அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு போன் பண்ணியிருக்கணும், நான் கேக்கல. 1945ல போட்ட பிச்சை தடுப்பு சட்டம் இன்னும் இருக்கு, அதனால வேன பாத்தாலே புடிச்சிட்டு போறாங்கன்னு பயப்படறாங்க.

நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. உங்க வீட்டுக்கு பக்கத்துல இருக்கற காப்பகத்த முதல்ல நீங்க போய் பாருங்க, சென்னை மாநகராட்சியோட 1913க்கு போன் பண்ணி எங்க இருக்குன்னு கேளுங்க. நல்லா இருந்தா, வர விருப்பப்படற ஒருத்தர சும்மா ஒரு சாயங்காலம் பாத்துட்டு வரலாம்னு கூட்டிட்டு போங்க, அங்க தங்கறவங்க கிட்டயே அவர் பேசட்டும். முடிவு அவர் எடுக்கட்டும். வயசானவங்கன்னா 14567, முதியோர் உதவி எண், காலையில 8 மணியில இருந்து ராத்திரி 8 வரைக்கும். நீங்க அதிகாரியா இருந்தவர், அரசாங்க பாஷை தெரியும், மனு எழுதத் தெரியும். அடுத்த கேள்விய படிச்சு பாருங்க, உங்கள மாதிரி ஆள்தான் அங்க வேணும்.

கேள்வி: காசு பெருசா இல்ல, சாப்பாடு போடவும் வசதியில்ல. ஆனா நேரம் இருக்கு. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: இதுக்கு பதில் சொல்றதுக்குதான் நான் இவ்ளோ நேரமா காத்துக்கிட்டு இருந்தேன். காகிதம்! அவங்க மாட்டிக்கிட்டு நிக்கறது முக்கால்வாசி அங்கதான். முதியோர் உதவித்தொகை 2023ல மாசம் 1,200 ரூபாயா ஆக்கினாங்க, அது ரோட்டுல இருக்கற ஒரு பாட்டிக்கு எவ்ளோ பெரிய காசு. ஆனா அத வாங்க ஆதார் வேணும், பேங்க் கணக்கு வேணும், ஒரு விலாசம் வேணும். ஆதாருக்கு, அங்கீகாரம் உள்ள காப்பகத்தோட பொறுப்பாளர் லெட்டர் குடுத்தா விலாச சான்றா ஏத்துக்கறாங்க. ஓட்டு லிஸ்ட்ல பேர் சேக்க வீடே வேண்டாம், படிவம் 6ல தூங்கற இடத்த எழுதினா போதும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில வந்து அவங்க நிஜமாவே அங்க தூங்கறாங்களான்னு பாத்துட்டு சேக்கணும், தேர்தல் ஆணையத்தோட விதியே அதுதான். நிறைய பேருக்கு இது தெரியாது. அலுவலகத்துல இருக்கறவங்களுக்கே சில சமயம் தெரியாது, பொறுமையா எடுத்து சொல்ல ஒரு ஆள் வேணும்.

நீங்க ஒருத்தர கூட்டிக்கிட்டு இ-சேவை மையம் போங்க, க்யூல நில்லுங்க, படிவத்த பூர்த்தி பண்ணுங்க, மூணு தடவை அலைய விட்டா மூணு தடவையும் கூட போங்க. வந்த அட்டைய ஜெராக்ஸ் எடுத்து ஜிப் வச்ச பிளாஸ்டிக் கவர்ல போட்டு குடுங்க, இன்னொரு காப்பி உங்ககிட்ட இருக்கட்டும், மழையில நனைஞ்சோ திருடு போயோ தொலைஞ்சா மறுபடி முதல்ல இருந்து ஓட வேண்டாம். எங்க வீட்டு பீரோவுல 30 பேரோட காப்பி ஒரு ஃபைல்ல இருக்கு.

கேள்வி: பழைய துணி நிறைய இருக்கு, எங்க குடுக்கறது? வேற என்ன பொருள் உபயோகமா இருக்கும்?
– ராயபுரம்

பதில்: திருநெல்வேலியில 2017ல அப்ப கலெக்டரா இருந்த சந்தீப் நந்தூரி "அன்புச் சுவர்"னு வச்சாரு, வேண்டாதத மாட்டிட்டு போலாம், வேணுங்கறவங்க எடுத்துக்கலாம். உங்க பக்கத்துல அப்படி இருந்தா துவைச்சு மடிச்சு கொண்டு போங்க. பட்டன் இல்லாதது, கிழிஞ்சது, ஜரிகை புடவை வேண்டாம்.

பொருள்னா, எங்களுக்கே தெரியாம இருந்துச்சு, நாங்க பாட்டுக்கு சாப்பாடா கொண்டு போய்க்கிட்டு இருந்தோம். ஒரு நாள் ஸ்டேஷன் சுவரோரம் இருந்த தாத்தா பொட்டலத்த வாங்கி பக்கத்துல வச்சிட்டு "சோறு கிடைச்சிடுதும்மா, ஒரு நெயில் கட்டர் இருக்கா"ன்னாரு. காலை பாத்தேன், கட்டை விரல் நகம் வளைஞ்சு சதைக்குள்ள போயிருந்துச்சு, அதனாலதான் அவர் கொஞ்ச நாளா நொண்டி நடந்திருக்காரு, நாங்க வாரா வாரம் பாத்தும் கேக்கல. அன்னில இருந்து போனா முதல்ல என்ன வேணும்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதிக்கறோம். அந்த நோட்டுல அடிக்கடி வர்றது கொசுவத்தி, செருப்பு, புது உள்ளாடை, சோப்பு, தார்ப்பாய், வலி மருந்து, படிக்கற கண்ணாடி. ஒரு தடவை ஒருத்தர் ரேடியோவுக்கு பேட்டரி கேட்டாரு.

பெண்கள் வாய விட்டு கேக்க மாட்டாங்க, ஒரு பொம்பள ஆள் தனியா போய் கேக்கணும். நாப்கின் குடுங்க, கூடவே கறுப்பு கவர், ரெண்டு உள்ளாடை. ராத்திரி கழிப்பறை மூடிடறாங்கன்னு சாயங்காலத்துக்கு மேல தண்ணியே குடிக்காம இருக்கற பெண்கள் இருக்காங்க, அதனால நீர்க்கடுப்பும் கிட்னி பிரச்சனையும் வருது. பக்கத்துல உங்க கடை இருந்தா, ஆபீஸ் இருந்தா, ராத்திரி ஒரு கழிப்பறைய அவங்களுக்கு திறந்து விட முடியுமான்னு பாருங்க. ராயபுரத்துல கடை வச்சிருக்கற ஒருத்தர் இத செய்யறாரு, அவர நான் மனசார கும்பிடறேன்.

கேள்வி: நாங்க பசங்க சேந்து வாரம் வாரம் சாப்பாடு குடுக்கறோம். வீடியோ போட்டாதான் டொனேஷன் வருது. ஆனா சிலர் திட்டறாங்க. போடலாமா கூடாதா?
– இளைஞர் குழு, மதுரை

பதில்: தம்பிங்களா, வாரம் வாரம் விடாம போறீங்கன்னு படிச்சப்பவே சந்தோஷமா இருந்துச்சு. டொனேஷன் வேணும், எனக்கு புரியுது. அண்டாவ எடுங்க, காய் நறுக்கறத எடுங்க, பொட்டலம் கட்டற உங்க கைய எடுங்க, கணக்க மாசா மாசம் போடுங்க, ஜனங்க குடுப்பாங்க. வாங்கறவங்க முகத்த எடுக்காதீங்க. ஊருக்கு பணம் அனுப்பறேன், கம்பெனியில வேலை பாக்கறேன்னு வீட்ல சொல்லிட்டு ரோட்டுல படுத்திருக்கறவங்க இருக்காங்க, அந்த வீடியோ அவங்க பொண்ணு கைக்கு போகும். அவரே சம்மதிச்சாலும், பசியில இருக்கறவர் சாப்பாட்ட கையில வச்சிருக்கறவன் கிட்ட வேண்டாம்னு எப்படிப்பா சொல்வாரு?

கேள்வி: ஆன்ட்டி, நான் 6ஆம் வகுப்பு படிக்கறேன். எங்க ஸ்கூல் பஸ் ஸ்டாப்புல ஒரு தாத்தா எப்பவும் உக்காந்திருப்பாரு. என் டிபன் பாக்ஸ்ல இருந்து அவருக்கு குடுக்கலாமா?
– கடலூர்

பதில்: கண்ணு, முதல்ல இத அம்மாகிட்ட சொல்லிடுங்க, தனியா போகாதீங்க. உங்க டிபன் பாக்ஸ்ல இருக்கறத நீங்க சாப்பிடணும், மத்தியானம் வயிறு காலியா இருந்தா கணக்கு பீரியட்ல தலைய சுத்தும். அம்மாவ கூட்டிட்டு போய் தாத்தாகிட்ட வணக்கம் சொல்லி, உங்க பேர சொல்லி, அவர் என்ன சாப்பிடுவாருன்னு கேளுங்க. வயசானவங்களுக்கு பல் இருக்காது, முறுக்கெல்லாம் கடிக்க முடியாது, சக்கரை வியாதி இருந்தா கேசரி ஆகாது. இட்லியா, கொழைஞ்ச சாதமான்னு அவரே சொல்லட்டும். அம்மா ஒரு சின்ன டப்பாவுல தனியா வச்சு குடுப்பாங்க, வாரத்துல ஒரு நாளா இருந்தாலும் எந்த நாள்னு தாத்தாகிட்ட சொல்லிடுங்க, அவர் அன்னிக்கு எதிர்பாத்துக்கிட்டு இருப்பாரு. லீவு விட்டா அதையும் முன்னாடியே சொல்லணும். தாத்தா என்ன கேட்டாருன்னு எனக்கு ஒரு கார்டு போடுங்க.